இப்போ என்ன படிக்கிறீங்க, என்ன சாப்பாடு பிடிக்கும்? புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

புது இடத்தில் சேர்ந்த முதல் வாரத்தில் இந்த இரண்டு கேள்விகளிடமிருந்து தப்பிப்பது கஷ்டம். விடுதி, வேலையிடம், மொழி வகுப்பு, வாசிப்பு வட்டம், எதுவானாலும் சரி, எல்லாரையும் வட்டமாக உட்கார வைத்து ஒருவர் ஆரம்பிப்பார்: "பேரைச் சொல்லுங்க, இப்போ என்ன படிச்சிட்டிருக்கீங்க, உங்களுக்குப் பிடிச்ச சாப்பாடு என்ன?" கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருக்கும். பதில்தான் வராது. பத்து நாளாகக் கையில் வைத்திருக்கும் புத்தகத்தின் பெயர் அந்த நேரம் பார்த்து மறந்துபோகும். சாப்பாடு என்றதும் "எல்லாமே பிடிக்கும்" என்று வாயில் வந்துவிடும். எதிரில் இருப்பவர் தலையாட்டுவார். முறை அடுத்த நாற்காலிக்குப் போய்விடும்.

"எல்லாமே பிடிக்கும்" என்பதில் தவறில்லை. ஆனால் அதில் பிடி இல்லை. சூடான பாத்திரத்தைப் பிடி இல்லாமல் நீட்டினால் வாங்குபவர் எங்கே பிடிப்பார்? கேட்டவர் இன்னொரு கேள்வி கேட்கவோ, "எனக்கும்தான்" என்று சொல்லவோ, "ஐயோ, எனக்கு அது ஆகவே ஆகாது" என்று சிரிக்கவோ உங்கள் பதிலில் ஓர் இடம் வேண்டும். பிடித்ததைச் சொல்லும்போது அதற்கு ஒரு பிடி வைப்பது எப்படி என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில், "இப்போ" என்ற சொல்லைக் கவனியுங்கள்

கேட்டது இப்போது என்ன படிக்கிறீர்கள் என்று. வாழ்க்கையில் படித்ததிலேயே சிறந்த புத்தகம் எது என்றோ, உங்கள் தரம் என்ன என்றோ யாரும் கேட்கவில்லை. பலரும் சறுக்குவது இங்கேதான்.

நானும் சறுக்கியிருக்கிறேன். ஒரு புது வேலையில் சேர்ந்த அன்று, ஆறு மாதத்துக்கு முன்னால் பதினோரு பக்கம் மட்டும் புரட்டிய ஒரு தடிமனான மொழிபெயர்ப்பு நாவலின் பெயரைச் சொல்லிவிட்டேன். கனமான பெயர், நாலு பேர் மதிப்பார்கள் என்று நினைப்பு. மேசைக்கு எதிரில் இருந்தவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஆஹா, அந்தத் தங்கச்சி பாத்திரம் எப்படி?" என்றார். "இன்னும் அந்த இடத்துக்கு வரல சார்" என்றேன். அப்புறம் ஒரு பாத்திரத்தைக் கேட்டார். அதற்கும் அதே பதில். அதன்பிறகு மாதக்கணக்கில் மாடிப்படியில் பார்க்கும்போதெல்லாம் "எதுவரைக்கும் வந்திருக்கீங்க?" என்று அக்கறையாக விசாரித்தார். கடைசியில் அவருக்குப் பயந்தே முழுதும் படித்து முடித்தேன். நல்ல நாவல்தான், ஆனால் இப்படிப் படிக்க வேண்டியதில்லை.

எனவே உண்மையில் கையில் இருப்பதைச் சொல்லுங்கள். பாதியில் நிற்கும் துப்பறியும் கதை, தேர்வுக்கான பாடப்புத்தகம், படக்கதை, பழைய வார இதழ்க் கட்டு, நடந்து போகும்போது காதில் கேட்கும் ஒலிப்புத்தகம், குழந்தைக்குத் தினமும் ராத்திரி வாசித்துக் காட்டும் அதே பன்னிரண்டு பக்கக் கதை, எல்லாமே படிப்புதான். சொல்லப்போனால் குழந்தைக் கதைக்குத்தான் பேச்சு அதிகம் கிளம்பும். ஒரே கதையை நாற்பது தடவை சத்தமாக வாசித்தவருக்கு அதைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கும், கோபம் உட்பட.

எதுவுமே படிக்கவில்லையா? அதையும் சொல்லலாம். கூடவே கடைசியாக முடித்தது எது, அல்லது தலையணைப் பக்கத்தில் தூசி படிந்து கிடப்பது எது என்று சேர்த்துக்கொள்ளுங்கள். புத்தகத்தை வாங்கி அடுக்கிவிட்டுப் படிக்காமல் விடுவதற்கென்றே ஜப்பானிய மொழியில் 'ட்சுன்டோகு' என்று ஒரு சொல் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து இருக்கிறது. நீங்கள் தனியாள் இல்லை.

முந்தின நாள் ராத்திரி ஐந்து நிமிடம்

கேள்வி வரும் என்று தெரிந்தால் புத்தகத்தோடு ஐந்து நிமிடம் உட்காருங்கள். மூன்று விஷயம் தேடினால் போதும். கதையில் எங்கே நிற்கிறீர்கள், புத்தகம் உங்களிடம் எப்படி வந்தது, எது மனதில் ஒட்டிக்கொண்டது.

எங்கே நிற்கிறீர்கள் என்பதைப் பக்க எண்ணாகச் சொல்வதைவிட இடமாகச் சொல்லுங்கள். பக்க எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும். "மூணாவது அத்தியாயம், இப்பதான் அந்தக் குடும்பம் ஊரை விட்டுக் கிளம்புது" என்றால் படித்தவருக்கு உடனே தெரிந்துவிடும், படிக்காதவருக்கும் ஒரு காட்சி கிடைக்கும்.

எப்படி வந்தது என்பதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். என் கணக்கில் மூன்றில் இதுதான் முக்கியம். புத்தகத்தைப் பற்றிய கருத்து எல்லாரிடமும் இருக்கும். அது உங்கள் கைக்கு வந்த கதை உங்களிடம் மட்டும்தான் இருக்கும். வீடு மாறிப் போனவர் விட்டுச்சென்றது, அட்டையைப் பார்த்து வேறெதுவோ என்று நினைத்து எடுத்தது, தங்கை பாதியில் வெறுத்துத் தூக்கிப் போட்டது. இதைச் சொன்னால் புத்தகத்தின் பெயரே கேள்விப்படாதவர்கூடப் பேச்சுக்குள் வந்துவிடுவார்.

ஒட்டிக்கொண்டது சின்னதாக இருக்கட்டும். "மனித உறவுகளின் சிக்கலைப் பேசுகிறது" என்று ஆரம்பித்தால் அட்டையின் பின்பக்கத்தை ஒப்பிப்பதுபோல ஆகிவிடும். "அந்தக் கிழவர் தினமும் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிறார், ஆனா ஒரு தடவைகூட மணி பார்க்கலை" என்பது மாதிரி ஒரு விஷயம் போதும்.

மூன்றையும் கோத்தால் இப்படி வரும்: "ஒரு கடல் பயணக் கதை படிச்சிட்டிருக்கேன். மாமா வீட்டுப் பரண்ல கிடைச்சது, நடுவுல நாலு பக்கம் கிழிஞ்சு போயிருக்கு. கப்பல் கிளம்பியாச்சு, ஆனா சமையல்காரர் எப்ப ஏறினார்னு தெரியலை; அது அந்த நாலு பக்கத்துல இருந்திருக்கணும்." அரை நிமிடம்கூட ஆகாது. கேட்பவருக்கோ பிடித்துக்கொள்ள மூன்று நான்கு இடம். வீட்டில் ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லிப் பாருங்கள். ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்று ஆச்சரியப்படுவீர்கள்.

எழுதியவர் பெயர், மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்த்தவர் பெயர், இரண்டையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். யாராவது "எனக்கும் வேணுமே" என்று கேட்டால் அட்டையைப் படம் எடுத்து அனுப்புவதைவிட, உள்ளே பதிப்பு விவரம் அச்சிட்ட பக்கத்தை எடுத்து அனுப்புங்கள். ஒரே தலைப்பில் பல புத்தகங்கள் இருக்கும். பின்னட்டையில் பட்டைக்கோட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஐஎஸ்பிஎன் எண்தான் குழப்பமில்லாத அடையாளம். 2007 ஜனவரி முதல் அது 13 இலக்கம். அதற்கு முந்தைய புத்தகங்களில் 10 இலக்கம் இருக்கும், பயப்பட வேண்டாம்.

வேகம் பற்றிக் கவலைப்படாதீர்கள்

வட்டத்தில் யாராவது ஒருவர் "நான் வாரம் ரெண்டு புத்தகம் முடிப்பேன்" என்பார். முடிக்கட்டும். ஆங்கில வாசிப்பு பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து மார்க் பிரிஸ்பார்ட் என்ற உளவியலாளர் 2019-இல் போட்ட கணக்குப்படி, வளர்ந்தவர்கள் கட்டுரை நூல்களை மௌனமாகப் படிக்கும் சராசரி வேகம் நிமிடத்துக்கு 238 சொல். பக்கத்துக்கு 275 சொல் என்று வைத்தால் 300 பக்கப் புத்தகத்துக்கு ஏறத்தாழ ஆறு மணி நேரம். தினமும் அரை மணி நேரம் படிப்பவருக்குப் பன்னிரண்டு நாள். தமிழில் ஒரே சொல்லுக்குள் நாலு சொல் ஒட்டிக்கொண்டு நிற்பதால் இந்தச் சொற்கணக்கு அப்படியே பொருந்தாது. இருந்தாலும் ஒரு புத்தகம் இரண்டு வாரம் இழுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பது இதிலிருந்தே தெரியும்.

முடிவைச் சொல்லாதீர்கள், திருப்பம் இருப்பதையும் சொல்லாதீர்கள்

2011-இல் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் லீவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் என்ற இருவர் ஒரு சோதனை நடத்தினார்கள். சிறுகதைகளை வாசிக்கக் கொடுத்து, சிலருக்கு மட்டும் முடிவை முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். முடிவு தெரிந்தவர்கள்தான் கதையைக் கொஞ்சம் அதிகமாக ரசித்ததாகக் கண்டார்கள். இதைப் படித்த என் நண்பர் ஒருவர் அன்றிலிருந்து எல்லாக் கதையின் முடிவையும் கூசாமல் சொல்கிறார். அவருக்கு நண்பர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

சோதனை என்ன சொன்னாலும் அந்த ஆச்சரியம் படிக்கப்போகிறவருடைய சொத்து. அதைச் செலவழிக்க உங்களுக்கு உரிமை இல்லை. பின்னட்டையில் இருப்பதுவரை தாராளமாகச் சொல்லலாம். அதற்கு மேல் போக வேண்டுமானால் "சொல்லட்டுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இன்னொன்று, "கதை எல்லாம் சொல்லலை, ஆனா கடைசியில ஒரு திருப்பம் இருக்கு பாருங்க!" என்பதும் காட்டிக்கொடுப்பதுதான். கேட்டவர் பாவம், ஒவ்வொரு பக்கத்திலும் யாரையாவது சந்தேகப்பட்டுக்கொண்டே படிப்பார்.

புத்தகம் பிடிக்கவில்லை என்றாலும் சொல்லலாம். "குப்பை" என்று சொல்லாமல், எங்கே ஒட்டவில்லை என்று சொல்லுங்கள். அதே புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துத் தூங்குகிறவர் பக்கத்து நாற்காலியில் இருக்கக்கூடும்.

சாப்பாட்டுக்கு வருவோம்

புத்தகத்துக்காவது தலைப்பு இருக்கிறது, சொன்னால் ஓரளவு புரியும். சாப்பாட்டின் பெயர் ஒன்றையுமே சொல்லாது. "சூப் பிடிக்கும்" என்றால் எந்தச் சூப்? கெட்டியா, தண்ணியா? ஆவி பறக்கவா, ஆறிய பிறகா? யார் செய்தது? "ரொட்டி பிடிக்கும்" என்பதைவிட "ரொட்டியோட ஓரம், அதுவும் லேசா கருகின ஓரம், நடுவை அண்ணனுக்குக் கொடுத்துட்டு ஓரத்தைப் பிடுங்கிப்பேன்" என்பது எவ்வளவோ மேல். உணவு எளிமையானதாக இருப்பது பிரச்சினையே இல்லை. "சும்மா சாதாரண சாப்பாடுதாங்க" என்று மன்னிப்புக் கேட்கிற தொனி மட்டும் வேண்டாம். யாரும் கேள்விப்படாத பதார்த்தத்தின் பெயரைத் தேடிப் பிடித்துச் சொல்லவும் வேண்டாம். அது அந்தத் தடிமனான நாவல் கதைதான்.

தயாரிப்பு இதற்கும் உண்டு, ஆனால் சுகமான தயாரிப்பு. உங்களுக்குப் பிடித்ததை ஒருமுறை போன் பார்க்காமல், பேசாமல் சாப்பிட்டுப் பாருங்கள். முதல் வாயில் மூக்கைப் பொத்திக்கொள்ளுங்கள். பாதி ருசி காணாமல் போயிருக்கும். நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பங்கு வாசனை. மெல்லும்போது வாயின் பின்பக்கமாக மூக்குக்கு ஏறுவது. மூக்கை விட்டதும் எது சட்டென்று திரும்பி வருகிறதோ, அதுதான் நீங்கள் சொல்ல வேண்டிய விஷயம்.

நாக்குக்குத் தனியாகத் தெரிவது கொஞ்சம்தான். இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, இவற்றோடு உமாமி. இந்த ஐந்தாவதை 1908-இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்தறிந்து பெயர் வைத்தார். நன்கு பழுத்த தக்காளி, காளான், முதிர்ந்த பாலாடைக்கட்டி ஆகியவற்றில் வரும் அந்த நிறைவான ருசி அது. நம் அறுசுவைப் பட்டியலில் உமாமி கிடையாது. அதற்குப் பதில் கார்ப்பும் துவர்ப்பும் உண்டு. காரம் உண்மையில் ஒரு சுடுவலி. மிளகாயில் உள்ள கேப்சைசின், ஏறத்தாழ 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் விழித்துக்கொள்ளும் அதே நரம்பு வாங்கியைத் தட்டி எழுப்புகிறது. 1997-இல் அதைக் கண்டறிந்து சொன்ன டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. "நாக்கு சுடுது" என்று நாம் சொல்வது உவமை இல்லை, நரம்புக்கு அது நிஜம்தான். காரம் அதிகமானால் தண்ணீரைவிடப் பால் கைகொடுப்பதற்கும் காரணம் உண்டு: கேப்சைசின் தண்ணீரில் கரையாது, பாலில் உள்ள புரதமும் கொழுப்பும் அதை வழித்துக்கொண்டு போகும். துவர்ப்பு பெரும்பாலும் தொடு உணர்ச்சி. காயில் உள்ள டானின் உமிழ்நீரின் புரதத்தைப் பிடித்துக்கொள்ள, வாய் வறண்டு இழுக்கிறது.

இவ்வளவும் மேசையில் உட்கார்ந்து விளக்கச் சொல்லவில்லை. பிடித்த சாப்பாட்டைப் பற்றிப் பேச நாக்கின் சுவை ஒன்று மட்டும் போதாது, வாசனை, சூடு, சத்தம், தொட்டால் எப்படி இருக்கும் என்பதெல்லாம் சேர்ந்தால்தான் படம் முழுதாகும் என்பதற்காகச் சொன்னேன். இதற்கு வேண்டிய சொற்கள் தமிழில் கொட்டிக் கிடக்கின்றன, நாம்தான் எல்லாவற்றையும் "சூப்பர்", "செம" என்ற இரண்டுக்குள் அடைத்துவிட்டோம். மொறுமொறுவென்று இருந்தது காற்றுப் பட்டால் நமுத்துப்போகும். சோறு சிலருக்குப் பொலபொலவென்று உதிர வேண்டும், சிலருக்குக் குழைய வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் வீடுகளே இரண்டாகப் பிரிந்து கிடக்கின்றன. கொழகொழ என்றால் ஒருவர் முகம் சுளிப்பார், இன்னொருவர் அதற்காகவே சாப்பிடுவார். வழவழ, நறநற, பிசுபிசு, சுள், சப்பு, கமகம. உப்பு ஏறினால் கரிக்கும். பழைய எண்ணெயில் சிக்கு வாடை வரும். இனிப்பு ஓர் அளவுக்கு மேல் திகட்டும்.

இந்தத் 'திகட்டும்' என்ற சொல்லை நான் தனியாகப் பரிந்துரைப்பேன். "உங்களுக்குப் பிடிச்சது எது?" என்று கேட்டால் யோசிப்பவர்கூட, "எது எவ்வளவு சாப்பிட்டாலும் திகட்டாது?" என்று கேட்டால் பட்டென்று சொல்லிவிடுவார். நீங்களே உங்களைக் கேட்டுப் பார்க்கலாம். வரும் பதில் வேறாக இருந்தால் இரண்டாவதை நம்புங்கள்.

ஞாபகம் ஏதாவது ஒட்டியிருந்தால் ஒன்றே ஒன்று சொல்லலாம். வாசனைச் செய்தி மூளையில் உணர்ச்சியையும் நினைவையும் கையாளும் பகுதிகளுக்கு மற்றப் புலன்களைவிடக் குறுக்கு வழியில் போய்ச் சேர்கிறது. அதனால்தான் ஒரு தாளிப்பு வாசனையில் ஒரு வீடே திரும்பி வரும். ஆனால் முன்பின் தெரியாதவர்கள் நடுவில் தொண்டை அடைக்கும் ஞாபகத்தை இழுக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. "முட்டை, அரைவேக்காடு, மேல மிளகுத்தூள்" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம்.

சாப்பிடாததையும் அப்போதே சொல்லிவிடுங்கள். நம்பிக்கையோ கொள்கையோ உடல்நிலையோ, "நான் சாப்பிடுறதில்லை" என்பதே முழு வாக்கியம்தான். காரணம் சொல்ல வேண்டிய கடன் இல்லை. ஒவ்வாமைக்கு மட்டும் வேறு விதி. அதைக் கூச்சப்பட்டு "பிடிக்காது" என்று சொல்லாதீர்கள். பிடிக்காது என்றால் அன்பாகச் சமைத்தவர் அதை மேலோடு பொறுக்கி எடுத்துவிட்டுப் பரிமாறிவிடுவார். "வேர்க்கடலை எனக்கு அலர்ஜி, அது பட்ட கரண்டிகூட ஆகாது" என்று உடைத்துச் சொல்லுங்கள்.

அடுத்தவர் சொல்லும்போது

உங்கள் முறை முடிந்ததும் மனம் லேசாகி ஜன்னலைப் பார்க்கத் தோன்றும். பாதி வேலை இனிமேல்தான் இருக்கிறது.

சாப்பாட்டு விஷயத்தில் "ஐயே, அதையா?" என்பது வாயில் வந்தால் விழுங்கிவிடுங்கள். உங்கள் நாக்கும் அவர் நாக்கும் ஒன்றல்ல. 1931-இல் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளர் ஆய்வகத்தில் பிடிசி என்ற தூளைக் கொட்டும்போது அது காற்றில் பறந்தது. பக்கத்தில் இருந்தவர் "என்ன இவ்வளவு கசப்பு" என்று புகார் சொன்னார். ஃபாக்ஸுக்கோ ஒரு ருசியும் தெரியவில்லை. இருவரும் மாறி மாறி நக்கிப் பார்த்துச் சண்டை போட்டதில்தான், ஒரே பொருள் பிறவியிலேயே சிலருக்குக் கசக்கும், சிலருக்குக் கசக்காது என்பது வெளியே வந்தது. கொத்தமல்லித் தழையும் அப்படித்தான். சிலருக்கு அது சோப்பு வாசனை அடிக்கும். வாசனையை உணரும் ஒரு மரபணுவின் வேறுபாட்டோடு இதற்குத் தொடர்பு உண்டு. "கொத்தமல்லி பிடிக்காதா! எப்படிங்க?" என்று கேட்டால் பாவம் அவர் என்ன பதில் சொல்வார்?

புத்தக விஷயத்தில் வேறொரு நோய் உண்டு. "ஓ, அதைப் படிக்கிறீங்களா, அப்ப இதையும் படிங்க, அதையும் படிங்க." அவர் தன் புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வந்தவர்; கையில் பட்டியலோடு திரும்பிப் போவார். முதல் சந்திப்பில் பரிந்துரை வேண்டாம், கேள்வி மட்டும் போதும். "எந்த இடத்துல இருக்கீங்க?", "யார் கொடுத்தாங்க?", "வீட்ல அதை யார் நல்லாப் பண்ணுவாங்க?"

வெளியே வந்ததும் ஒவ்வொருவர் பெயருக்கும் நேராக ஒரு வரி குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் கழித்து வழியில் பார்க்கும்போது "அந்தக் கப்பல் சமையல்காரர் எப்ப ஏறினார்னு கண்டுபிடிச்சீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். மறந்திருப்பார்கள் என்று நினைத்த ஒன்றை ஒருவர் நினைவு வைத்திருக்கிறார் என்றால் அப்புறம் அறிமுகம் எல்லாம் தேவைப்படாது.

"அடுத்த தடவை கொண்டு வாங்களேன்"

நன்றாகப் பேசியதற்கு இதுதான் தண்டனை. புத்தகத்தையும் சாப்பாட்டையும் ஒரே மேசைக்குக் கொண்டுவரச் சொல்வார்கள். சில நடைமுறை விஷயங்கள் தெரிந்திருந்தால் நல்லது.

சமைத்ததை அறைச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். 32 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கும் நாளில் ஒரு மணி நேரம்தான். கிருமிகள் வேகமாகப் பெருகுவது 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில். சோற்றில் கூடுதல் கவனம் வேண்டும். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வெந்த பிறகும் உயிரோடு இருக்கும், சோறு வெளியிலேயே கிடந்தால் அவை பெருகி நஞ்சை உண்டாக்கும், மறுபடி சூடு பண்ணினாலும் அந்த நஞ்சு போகாது. பேச்சு சுவாரசியமாகப் போகும்போது மணி பார்க்க யாருக்கும் தோன்றாது என்பதால், கொண்டுவந்தவரே எடுத்து வைப்பது என்று முன்கூட்டியே பேசி வையுங்கள்.

பாத்திரத்தின் பக்கத்தில் ஒரு சீட்டு வையுங்கள். பெயர் மட்டும் போதாது, உள்ளே என்னென்ன என்று எழுதுங்கள். பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, வேர்க்கடலை, முந்திரி பாதாம் போன்ற பருப்புகள், கோதுமை, சோயா, எள் ஆகிய ஒன்பதும் ஒவ்வாமைக்குப் பேர்போனவை. எந்த எண்ணெய் என்பதையும் எழுதுங்கள். நல்லெண்ணெய் என்றால் அது எள் என்று எல்லாருக்கும் உடனே தோன்றாது. ஒவ்வொன்றுக்கும் தனிக் கரண்டி. ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தை வந்திருந்தால் தேன் கலந்தது எதுவும் அதன் வாய்க்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வயதில் தேனால் பாட்டுலிசம் என்ற கடுமையான நச்சுப் பாதிப்பு வரக்கூடும்.

புத்தகத்தைச் சாப்பாட்டு மேசையில் சுற்ற விடாதீர்கள். முதலில் சாப்பாடு, கை கழுவு, அப்புறம் புத்தகம். இப்படிச் சொன்னாலும் யாரும் கேட்கப் போவதில்லை என்பதால் கறைக்கு வைத்தியமும் சொல்கிறேன். எண்ணெய் பட்டால் தேய்க்காமல் தாளால் ஒற்றி எடுத்து, சோளமாவை மேலே தூவி ஒரு ராத்திரி விட்டு, காலையில் மெதுவாகத் தட்டிவிடுங்கள். முழுதாகப் போகாது, பரவாமல் நிற்கும். தண்ணீரோ டீயோ கொட்டிப் பக்கங்கள் நனைந்தால், இடையிடையே உறிஞ்சும் தாளை வைத்து மாற்றிக்கொண்டே இருங்கள், காற்றாடிக்கு அருகில் நிறுத்தி வையுங்கள். 48 மணி நேரத்துக்குள் காயாவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். அன்றைக்கு நேரமில்லை என்றால் பையில் போட்டு உறைநிலைப் பெட்டியில் வைத்துவிட்டுப் பிறகு பார்க்கலாம், அதுவரை பூஞ்சை காத்திருக்கும்.

செய்முறை கேட்டால், புத்தகம் கேட்டால்

செய்முறையைக் கண்ணளவில் சொல்லாதீர்கள். "கொஞ்சம் உப்பு" என்பது உங்கள் கைக்குத்தான் தெரியும். வீட்டில் ஒருமுறை செய்யும்போது எல்லாவற்றையும் தராசில் போட்டு எழுதுங்கள். உங்கள் ஒரு சிட்டிகை எவ்வளவு என்று உங்களுக்கே முதல்முறை தெரியவரும். கப் கணக்கு நம்பத்தக்கதல்ல. ஓரிடத்தில் கப் என்றால் 240 மில்லி, இன்னோரிடத்தில் 250. தேக்கரண்டி 5 மில்லி என்பது ஒத்துப்போகும், மேசைக்கரண்டி பெரும்பாலும் 15, ஆஸ்திரேலியாவில் மட்டும் 20. தூள் உப்பா கல்லுப்பா என்பதையும் குறியுங்கள். ஒரே கரண்டியில் தூள் உப்பு எடை கூடுதலாகப் பிடிக்கும், கல்லுப்புக் கணக்கைத் தூள் உப்பில் போட்டால் கரித்துவிடும். முக்கியமாக, எந்தப் பதத்தில் இறக்க வேண்டும் என்பதை நிமிடமாக இல்லாமல் அடையாளமாக எழுதுங்கள்: ஓரம் நிறம் மாறும்போது, எண்ணெய் பிரியும்போது, கரண்டியில் ஒட்டாமல் வழியும்போது. அடுப்புக்கு அடுப்பு நிமிடம் மாறும், அடையாளம் மாறாது.

புத்தகம் இரவல் கொடுப்பதில் என் விதி ஒன்றுதான். திரும்பி வராவிட்டாலும் தாங்க முடியும் என்றால் மட்டும் கொடுப்பேன். நூலகப் புத்தகத்தை மட்டும் கொடுக்கவே மாட்டேன். அபராதம் என் பெயரில்தான் வரும். கொடுத்த தேதியையும் வாங்கியவர் பெயரையும் எழுதி, புத்தகம் இருந்த இடத்தில் அலமாரியிலேயே அந்தச் சீட்டைச் செருகிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு வருடம் கழித்து அந்த இடைவெளியைப் பார்த்துவிட்டு வீட்டில் எல்லாரையும் சந்தேகப்படுவீர்கள்.

திரும்பி வரும்போது எங்கேயாவது விரல் அளவு எண்ணெய்க் கறை இருந்தால் கோபப்படுமுன் அது எந்தப் பக்கம் என்று பாருங்கள். சாப்பிடும்போதுகூடக் கீழே வைக்க மனம் வராத பக்கம் அது. அடுத்த முறை அவரைப் பார்க்கும்போது பேச்சை அந்தப் பக்கத்திலிருந்தே ஆரம்பிக்கலாம், என்ன சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்றும் கேட்கலாம்.